நடுநிலையாக்கல் வெப்பத்தை அளக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

பள்ளி ஆய்வகத்தில் ஒரு வினையின் வெப்பத்தை அளக்க வேண்டுமென்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கலப்பதுதான் சுலபம். அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆகும் இந்த வினைதான் நடுநிலையாக்கல். ஊற்றிய உடனே வினை முடிந்துவிடும், எதையும் சூடாக்க வேண்டாம், விலையும் குறைவு. ஒரு மோல் (18 கிராம்) நீர் உருவாகும்போது சுமார் 57 கிலோஜூல் வெளிவரும். ஆனால் பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகளில் 57.3 என்று அச்சடித்த மாதிரி இருக்கும், உண்மையில் அளந்ததோ ஐம்பதைத் தாண்டியிருக்காது. வேதியியலில் குறை இல்லை, வெப்பம் நாம் பார்க்காத இடத்தில் நழுவிப் போகிறது, அதைப் பிடிப்பதுதான் இந்தச் சோதனையில் வேலையே.

முதலில் பாத்திரம். தெர்மாகோல் கப் இருந்தால் அதுவே சிறந்தது, ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை. அதனால் மெல்லிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிகளில் வரும் தெர்மாகோலில் குழி வெட்டி உள்ளே செருகிவிடுங்கள். மூடியும் அதே தெர்மாகோலில், தெர்மாமீட்டருக்கும் கண்ணாடிக் கம்பிக்கும் ஓட்டை போட்டு. வெறும் பீக்கர் வேண்டாம், கண்ணாடி நிறைய வெப்பத்தைக் குடித்துவிடும். இயற்பியல் ஆய்வகத்துச் செம்புக் கலோரிமீட்டரில் அமிலத்தை ஊற்றாதீர்கள், அது வீணாகும்.

கரைசல்கள்: அமிலம் சரியாக 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்), காரம் கொஞ்சம் தூக்கலாக 1.1 மோலார். 250 மில்லிக்கு 11 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுப்பதால் காரத்தின் செறிவை அவ்வளவாக நம்ப முடியாது, அதனால் அதை மிகையாக வைத்துக்கொண்டு கணக்கை அமிலத்தை வைத்துப் போடுகிறோம். வில்லை கரையும்போதே கரைசல் நன்றாகச் சூடாகும், அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள், அவசரப்பட்டால் அந்தச் சூடும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். அடர் அமிலத்தை ஆசிரியர்தான் நீர்க்க வேண்டும், தண்ணீரில் அமிலத்தை ஊற்றி. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எல்லோரும் அமிலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், கண்ணில் பட்டால் காரம் இன்னும் மோசம்.

அடுத்து தெர்மாமீட்டர். 50 மில்லியோடு 50 மில்லி கலந்தால் மொத்த உயர்வே ஏழு டிகிரிக்குக் கீழேதான். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட சாதாரணத் தெர்மாமீட்டரில் முதல் அளவில் அரை, கடைசி அளவில் அரை என்று தப்பினால் விடையில் 15 சதவீதம் போச்சு. 0.1 அல்லது 0.2 டிகிரி பிரிவு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அளவைக் கூட்டினால் உயர்வும் கூடும் என்று சிலர் 100 மில்லியோடு 100 மில்லி கலப்பார்கள். வெப்பம் இரட்டிப்பாகும், சூடாக வேண்டிய நீரும் இரட்டிப்பாகும், உயர்வு அதேதான்.

இனி செய்முறை. ஃபேனை அணைத்துவிடுங்கள். டப்பாவில் 50 மில்லி அமிலம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். காரத்தின் வெப்பநிலையையும் அதே தெர்மாமீட்டரால், நடுவில் கழுவித் துடைத்துவிட்டு, பாருங்கள், வித்தியாசம் இருந்தால் சராசரிதான் தொடக்க வெப்பநிலை. சரியாக மூன்றாவது நிமிடத்தில் 50 மில்லி காரத்தையும் ஒரே மூச்சில் ஊற்றி, மூடி, கம்பியால் கலக்குங்கள் (தெர்மாமீட்டரால் கலக்கினால் குமிழ் உடையும்). மூன்றரை நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை விடாமல் குறியுங்கள்.

உச்சத்தில் தெரிந்த எண்ணை எடுத்துக்கொள்வதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உச்சம் வருவதற்குள்ளேயே கொஞ்சம் வெப்பம் வெளியே போயிருக்கும். வரைபடம் போட்டு, பின்பாதியில் சீராக இறங்கும் கோட்டை ஸ்கேலால் பின்னோக்கி மூன்றாவது நிமிடம் வரை நீட்டுங்கள். அங்கே கிடைப்பதுதான் இறுதி வெப்பநிலை.

டப்பாவும் கொஞ்சம் வெப்பம் எடுக்கும். அதை அறிய, டப்பாவில் 30 டிகிரி தண்ணீர் 50 மில்லி, அதில் 45 டிகிரி தண்ணீர் 50 மில்லி. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடாக 4.18 ஜூல் வேண்டும், ஒரு மில்லியை ஒரு கிராமாக எடுத்துக்கொள்கிறோம். 37.5 வர வேண்டியது 37.2 வந்தால், வெந்நீர் இழந்தது 1630 ஜூல், தண்ணீர் பெற்றது 1505, மீதி 125 ஜூல் டப்பாவுக்குப் போனது. 7.2 டிகிரி உயர்வுக்கு வகுத்தால் டிகிரிக்கு சுமார் 17.4 ஜூல்.

ஒரு மாதிரிக் கணக்கு. தொடக்கம் 30.0, உச்சத்தில் பார்த்தது 36.2, கோட்டை நீட்டிக் கிடைத்தது 36.5 என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தை மட்டும் எடுத்து, டப்பாவை மறந்தால்: 100 × 4.18 × 6.2 = 2592 ஜூல், அமிலம் 0.05 மோல், ஆக மோலுக்கு 51.8 கிலோஜூல். கோட்டை நீட்டி, டப்பாவையும் சேர்த்தால்: (418 + 17.4) × 6.5 = 2830 ஜூல், மோலுக்கு 56.6. அதே கரைசல், அதே தெர்மாமீட்டர். வெப்பம் வெளிவருவதால், வினையின் வெப்பத்தைக் குறிக்கும் என்தால்பி மாற்றத்துக்கு மைனஸ் குறி போட மறக்காதீர்கள், அங்கே மதிப்பெண் போகும்.

நேரம் இருந்தால் ஹைட்ரோகுளோரிக்குப் பதில் அசிட்டிக் அமிலத்தை வைத்து இதையே செய்யலாம். அது வலிமை குறைந்த அமிலம் என்பதால் கொஞ்சம் ஆற்றல் அது அயனியாவதற்கே செலவாகி விடை சற்றுக் குறைவாக வரும். ஆனால் மோலுக்கு ஒன்றிரண்டு கிலோஜூல்தான் வித்தியாசம், 0.1 டிகிரி தெர்மாமீட்டர் கையில் இல்லாவிட்டால் அதில் இறங்க வேண்டாம்.