எண்ணைத் தைக்காதீர்கள்: சுவரில் கோரிக்கை மாட்டுவோர் தவிர்க்க வேண்டியவை

2024 மே மாதம் பக்கத்துத் தோட்ட டிவிசன் தங்கச்சி ஒருத்தி ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே சுவரில் மாட்ட, சாக்குத் துணியில் செய்த தொங்கல். ஓரம் மடித்து, மேலே கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியான மிலாறு ஒன்றைக் கோத்து, நடுவில் சிவப்பு நூலால் பெரிதாக 1700 என்று கிராஸ் ஸ்டிச் போட்டிருந்தாள். எங்கள் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்ட ஆட்களின் நாட்சம்பளம் இனி 1700 ரூபா என்று மே தினத்தன்று கொட்டகலையில் அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "முப்பது துண்டு வெட்டி வச்சிருக்கேன் அக்கா, அஞ்சு தச்சிட்டேன். எப்படி இருக்கு?" என்றாள். தையல் என்னுடையதைவிட நேர்த்தி. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது.

வீட்டை அலங்கரிக்கும் கைவேலையிலேயே நம் மக்களின் பிரச்சினையையும் சொல்ல வேண்டும் என்று இப்போது பல பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் விழுந்த குழியிலேயே ஒவ்வொருவராக வந்து விழுகிறார்கள். நூல் சாயம் விடுவது, துணி சுருங்குவது, பின்பக்கம் முடிச்சு தொங்குவது இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. இரண்டு துண்டு கெட்டால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். கை கற்றுக்கொடுக்காத சில தவறுகள் இருக்கின்றன.

எண்ணைத் தைப்பது

2018 அக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத் திடலில் கறுப்பு உடையோடு மலையக இளைஞர்கள் கூடினார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்பது கோரிக்கை. என் தம்பி போயிருந்தான். தொண்டை கட்டி, பேச்சு வராமல் திரும்பி வந்தான். நான் போகவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் ஊசியை எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. டிசம்பரில் சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் தொடங்குவதற்குள் நாற்பது தொங்கல்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 1000. அதற்குக் கீழே சின்னதாக ஒரு கொழுந்து, இரண்டு இலையும் ஓர் அரும்பும். இரண்டு மாசத்து இரவெல்லாம் அதிலேயே போனது. உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஓரம் மடித்துக் கொடுத்தார்கள்.

மஸ்கெலியா வீதியில் தெரிந்தவர் கடை ஓரத்தில் பரப்பி வைத்தேன். முதல் நாள் மலைக்குப் போக வந்த கொழும்பு அம்மா ஒருவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயிரமா? எண்ணூறுக்குத் தருவீங்களா?" என்றார். இது விலை இல்லை அம்மா, தோட்டத்து ஆட்கள் கேட்கும் சம்பளம் என்று சொன்னேன். "ஓ, சரி. அப்ப இது எவ்வளவு?" அறுநூற்றைம்பது என்றேன். "அப்புறம் ஏன் ஆயிரம்னு போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனார். அந்தப் பருவம் முழுக்க இதே பேச்சு வார்த்தை எனக்குப் பத்துத் தடவையாவது நடந்திருக்கும்.

அது சிரிப்பு. மிச்சம் சிரிப்பில்லை.

2019 ஜனவரியில் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பெனிகளும் போட்ட கூட்டு ஒப்பந்தம் வந்தது. அடிப்படைச் சம்பளம் 700. கோபத்தில் ஒன்பது தொங்கல் விற்றது, எல்லாம் நம் ஆட்களே வாங்கியது. 2020இல் கொரோனா, வீதியில் ஆளே இல்லை. 2021 மார்ச்சில் ஒருவழியாக அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வந்தது: 900 சம்பளம், 100 கொடுப்பனவு, மொத்தம் ஆயிரம். வென்றுவிட்டோம் என்று நினைத்து, மிச்சமிருந்த முப்பத்தொன்றையும் வெளியே எடுத்து இஸ்திரி போட்டேன். வெற்றியின் ஞாபகமாக வாங்குவார்கள் என்று ஒரு கணக்கு.

அப்போதுதான் அத்தை வந்தார். முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒரு தொங்கலை மடியில் விரித்துப் பார்த்தார். "ஆயிரம் வந்திருச்சு, சரி. கிலோவ எவ்வளவு ஏத்திட்டானுங்கன்னு தெரியுமா? இருவது எடுத்தாத்தான் முழுப்பேரு. இல்லாட்டி அரப்பேரு. அந்த இருவது ஒந்துணியில எங்க புள்ள?"

எனக்குப் பதில் இல்லை. நான் தைத்தது மேடையில் பேசுகிறவர்களின் எண். அத்தையின் எண் தராசில் இருந்தது. சம்பளம் ஏறும்போது ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோவும் ஏறும், வேலை நாள் குறையும், பாதிச் சம்பளம் மட்டும் கிடைக்கும் அரைப்பேர் கூடும். இதெல்லாம் சேர்ந்ததுதான் மாசக் கடைசியில் கைக்கு வரும் காசு. அதில் ஒரு மூலையை மட்டும் வெட்டியெடுத்து, அழகாகச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

2022இல் பொருளாதாரம் விழுந்து அரிசியும் கோதுமை மாவும் விலை ஏறியபோது, அந்த ஆயிரத்தைப் பார்க்க எனக்கே கேலியாக இருந்தது. பதாகை ஒரு நாளைக்கு. அதில் எண் இருக்கத்தான் வேண்டும், ஊர்வலம் முடிந்ததும் சுருட்டி வைத்துவிடுவோம். வீட்டுச் சுவரில் மாட்டுவது பத்து வருஷத்துக்கு. தங்கச்சி தைத்த 1700க்கு என்ன ஆனது? கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 2024 செப்டம்பரில் 1350 என்று வர்த்தமானி வந்தது. பிறகு 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1750 என்றார்கள், 1550 சம்பளம், 200 வருகைக் கொடுப்பனவு. காணியும் இதே கதைதான்: வீட்டுக்கு ஏழு பேர்ச் என்றார்கள், அப்புறம் பத்து பேர்ச் என்றார்கள். நல்லவேளை, நான் ஏழு என்று தைக்கவில்லை.

என் நஷ்டம்: துணி, நூல் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு இருநூறுக்கு மேல், முப்பத்தொன்று, அறுபது இரவு. இப்போது அவை என் அடுப்பங்கரையில் பிடிதுணி. துணி நைந்து போனாலும் சிவப்பு நூல் நையவில்லை. கறி இறக்கும்போதெல்லாம் மூன்று சுழி என்னைப் பார்க்கிறது.

எண் சொல்லியே ஆக வேண்டுமென்றால், அதை அளவாக்குங்கள். இதை நான் எடுத்தது தூரத்திலிருந்து. அமெரிக்காவில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அவர்களுடைய ஆட்களே ஒரு நினைவுப் போர்வை தைத்தார்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஓர் ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. குழி என்று அதில் யாரும் எழுதவில்லை.

பழைய லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பரா (அறை) பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் துணி வெட்டினேன். அதே கணக்கில் உள்ளே ஒரு கட்டில், ஓர் அலுமாரி, தண்ணீர்க் குடம், இரண்டு பாய் தைத்தேன். பிள்ளை படிக்கும் மேசைக்கு இடம் போதவில்லை. பாதி மேசை துணியின் விளிம்போடு முடிந்து போகிறது. அப்படியே விட்டுவிட்டேன். வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அந்த மேசையைப் பற்றித்தான்.

சிரிக்கும் கொழுந்துப் பெண்

தலையில் கூடை, நெற்றியில் பெரிய பொட்டு, முப்பத்திரண்டு பல். தேயிலைப் பெட்டியிலும் ஹோட்டல் சுவரிலும் அவள் ஏற்கெனவே இருக்கிறாள். அவளையே நீங்களும் தைத்து, கீழே 'உரிமை' என்று எழுதினால் அது இன்னொரு தேயிலைப் பெட்டிதான். இப்போது பல மலைகளில் கூடையே இல்லை, முதுகில் தொங்குவது பை. இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, காலில் அட்டைக்கடி. ஒரு முறை மலைக்குப் போய், நிறுவை நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். அப்புறம் தையுங்கள்.

போட்டோ பார்த்து ஒருவரின் முகத்தைத் தைப்பது

கேட்காமல் கூடாது.

சேவலும் யானையும்

குஷன் கவரில் அழகுக்காக ஒரு சேவல் போட்டேன், வீட்டில் வளர்த்த சேவல்தான். வாங்க வந்தவர் "எப்ப சங்கத்துல சேர்ந்தீங்க?" என்றார். மலையகத்தில் தொழிற்சங்கமும் கட்சியுமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சின்னம் சேவல், ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் யானை. நமது ஊரில் ஒரு பிராணியைத் தைக்கும் முன் தேர்தல் சீட்டை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். கட்சிக்காகத்தான் செய்கிறேன் என்றால் சரி, அது உங்கள் விருப்பம்.

கோதுமை மாப் பசை

வேண்டாம். மே மாத மழையோடு பூஞ்சணம் பிடிக்கும், ஆகஸ்டில் கரப்பான் தின்றுவிடும்.

சிங்களத்தில் ஒரு வரி

போடுங்கள், நல்லது. ஆனால் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். தையல் பிரிக்கும் வேலை தைப்பதைவிட இரண்டு மடங்கு.

'ஒரு பகுதி தோட்டப் பிள்ளைகளுக்கு'

எவ்வளவு பகுதி, எந்தப் பிள்ளைகளுக்கு, எப்போது? இதை எழுத முடியாவிட்டால் அந்த வரியையே எழுத வேண்டாம். கஷ்டப்படுகிற ஆட்களின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், அடுத்த பத்துப் பேர் நேர்மையாகச் செய்தாலும் நம்ப மாட்டார்கள். நான் இப்போது துண்டுக்கு எண்பது ரூபா என்று ஒதுக்கி, எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குகிறேன். கடை பில்லை ஒரு நூலில் கோத்துக் கடையிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். அதையும் அலங்காரப் பொருள் என்று நினைத்து விலை கேட்டவர் உண்டு.

பார்க்க மட்டும் செய்வது

இது தவறு என்று சொல்ல மாட்டேன், வாய்ப்பை விடுவது என்று சொல்லலாம். எங்கள் பக்கம் லயங்களுக்கு வீட்டிலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ ஏறி, வீட்டுக்கு வந்து சேர நாளாகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்தபின் கிடைத்த பிள்ளை எங்கள் லயத்திலேயே இருக்கிறாள். அதனால் நான் கடிதப் பை செய்கிறேன். கதவோரம் மாட்டுவது, மூன்று அறை, மேலே வாங்குகிறவரின் பெயர், இலக்கம், வீதி. முகவரி இருக்கிறவர்களுக்கு அது அவர்களுடைய முகவரியோடு போகும். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தைக்கும்போது பெயரை மட்டும் தைத்து, இலக்கத்துக்கு உரிய கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். என் பையும் அப்படித்தான் தொங்குகிறது.

தங்கச்சியின் வெட்டிய துணியில் தைக்காத இருபத்தைந்தும் கடிதப் பைகளாகிவிட்டன. தைத்த ஐந்தில் ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். அது அடுப்பங்கரைக்குப் போகவில்லை.

விலைச் சீட்டு

பின்பக்கம் ஒட்டுங்கள். அந்தக் கொழும்பு அம்மாவின் எண்ணூறு எனக்கு இன்னும் மறக்கவில்லை.