ஆப் சர்வரா, லைப்ரரியே போதுமா: கமிட்டை எண்ணிப் பாருங்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஜாவா வேலை பார்ப்பவர் கையில் என்றைக்காவது ஒரு பழைய வங்கி அப்ளிகேஷன் வந்து விழும். அது வெப்லாஜிக், வைல்ட்ஃபிளை மாதிரி ஒரு ஆப் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். "ஸ்பிரிங் பூட்டுக்கு மாத்திடலாமா?" என்று மேனேஜர் கேட்பார். அதாவது ஆப் சர்வரை விட்டுவிட்டு, வேண்டிய லைப்ரரிகளை அப்ளிகேஷனுக்குள்ளேயே கட்டி ஓட்டலாமா என்று. வேகம், மெமரி என்று பேச ஆரம்பித்தால் மீட்டிங் முடியவே முடியாது. முதலில் கோடைத் திறந்து கமிட்டுகளை எண்ணுங்கள் (கிட் கமிட் அல்ல, டிரான்ஸாக்ஷனை முடித்து எழுதும் கமிட்).

ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் டேட்டாபேஸிலும் மெசேஜ் க்யூவிலும் சேர்த்து எழுதும் இடங்கள் எத்தனை? இரண்டு டேட்டாபேஸில் சேர்த்து எழுதுபவை எத்தனை? சர்வர் கன்ஃபிகில் எக்ஸ்ஏ (பல இடங்களில் எழுதுவதை ஒரே டிரான்ஸாக்ஷனாகக் கமிட் செய்யும் முறை) டேட்டாசோர்ஸைத் தேடினாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் எக்ஸ்ஏ என்று போட்டிருப்பதாலேயே அது தேவை என்று நம்பவேண்டாம். பழைய கன்ஃபிகை அப்படியே காப்பி அடித்திருப்பார்கள்.

ஒன்றுமே இல்லை என்றால் டாம்கேட் (வெப் சர்வர்), ஹைபர்நேட் (டேட்டாபேஸ் லைப்ரரி), ஹிகாரி (கனெக்ஷன் பூல் லைப்ரரி) போதும், யோசிக்க ஒன்றுமில்லை. நாலைந்து இடம்தான் என்றால் அவுட்பாக்ஸ் போடுங்கள்: அனுப்ப வேண்டிய மெசேஜை அதே டிரான்ஸாக்ஷனில் ஒரு டேபிளில் எழுதிவிட்டு, தனி ஜாப் ஒன்று அதை க்யூவுக்கு அனுப்பட்டும். ஒரே மெசேஜ் இருமுறை போக வாய்ப்புண்டு. எனவே வாங்கும் பக்கம் மெசேஜ் ஐடியைக் குறித்து வைத்து, திரும்ப வந்தால் தள்ளிவிட வேண்டும். முப்பது நாற்பது இடம் என்றால் ஆப் சர்வரிலேயே இருங்கள்.

"நாராயணாவை லைப்ரரியாகச் சேர்த்தால் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். நாராயணா என்பது எக்ஸ்ஏ டிரான்ஸாக்ஷன்களை நடத்தும் மேனேஜர். சேர்க்கலாம், வைல்ட்ஃபிளைக்குள் இருப்பதும் அதேதான். ஆனால் அதன் ரெக்கவரி லாக்கை (பாதியில் நின்ற டிரான்ஸாக்ஷனை முடிக்க உதவும் பதிவு) இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். லாக் பாடின் (குபர்னெட்டிஸில் அப்ளிகேஷனின் ஒரு பிரதி) தற்காலிக டிஸ்க்கில் இருக்கிறது, கமிட்டுக்குத் தயார் என்று டேட்டாபேஸ் சொல்லும் பிரிப்பேருக்கும் கமிட்டுக்கும் நடுவில் பாட் செத்துப்போகிறது என்று வையுங்கள். லாக்கும் கூடவே போய்விடும். டேட்டாபேஸில் அந்த டிரான்ஸாக்ஷன் தான் தொட்ட வரிகளைப் பூட்டி வைத்தபடி அந்தரத்தில் தொங்கும். கையால்தான் தீர்க்க வேண்டிவரும். எனவே பெர்சிஸ்டென்ட் வால்யூம் வேண்டும், ஒவ்வொரு பாடுக்கும் மாறாத தனி நோட் ஐடி வேண்டும். போஸ்ட்கிரஸில் இன்னொன்றும் உண்டு: மேக்ஸ் பிரிப்பேர்டு டிரான்ஸாக்ஷன்ஸ் செட்டிங்கின் இயல்பு மதிப்பு 0. அதை மாற்றாமல் விட்டால் முதல் பிரிப்பேரிலேயே எரர் வரும்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் அடுத்து கனெக்ஷன் கணக்கு. சர்வரில் பல அப்ளிகேஷன்கள் ஒரே கனெக்ஷன் பூலைப் பங்கிட்டிருக்கும். பிரித்த பிறகு ஆளுக்கொரு பூல். ஹிகாரி சும்மா விட்டால் 10 கனெக்ஷன் வரை எடுக்கும். போஸ்ட்கிரஸின் இயல்பு கனெக்ஷன் வரம்பு 100. அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. 4 பாட் ஓடும்வரை 40, தொந்தரவில்லை. மாதக் கடைசி லோடில் ஆட்டோஸ்கேலிங் 12 பாடாக ஆக்கினால் 120 கேட்கும், புதிய பாடுகள் எழவே எழாது. இந்த வரம்பை அதிகபட்ச பாட் எண்ணிக்கையால் வகுத்துத்தான் பூல் சைஸ் வைக்க வேண்டும்.

பேக்கேஜ் பெயர் மாற்றமும் காலை வாரும். 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9இல் (ஜாவா இஇயின் இன்றைய பெயர் ஜகார்த்தா இஇ) ஜாவாக்ஸ் என்ற பெயர் ஜகார்த்தா ஆனது. டாம்கேட் 9 பழைய பெயர், 10 புதிய பெயர். பழைய வார் ஃபைலை (அப்ளிகேஷனைக் கட்டிய ஃபைல்) டாம்கேட் 10இல் போட்டால் டிப்ளாய் ஆனதுபோலவே இருக்கும். அனோடேஷன் போட்ட சர்வ்லெட்களை அது கண்டுகொள்ளாது, பிரவுசரில் 404 மட்டும் வரும். லாக்கில் எரர் இல்லாததால் யூஆர்எல் தப்போ என்று அரை நாள் போய்விடும். ஸ்பிரிங் பூட் 3 என்றால் குறைந்தது ஜாவா 17ம் கட்டாயம்.

சர்வரிலேயே இருப்பவர்களுக்கும் ஒரு வம்பு உண்டு. சர்வர் தரும் ஜாரையே (லைப்ரரி ஃபைல்) வாருக்குள்ளும் வைத்தால், இரு பக்கமும் ஒரே கிளாஸ் பெயரைக் காட்டி கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். மேவனில் அவற்றுக்கு ப்ரொவைடெட் ஸ்கோப் போடுங்கள்.

கடைசியாக பேட்ச். 2021 டிசம்பரில் லாக்4ஜே லைப்ரரியில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, லைப்ரரியைத் தன்னோடு கட்டிக்கொண்ட ஒவ்வொரு சர்வீஸையும் தனித்தனியே திரும்ப பில்ட் செய்ய வேண்டியிருந்தது. ஆப் சர்வருக்குள் இருக்கும் லைப்ரரி என்றால் வெண்டர் பேட்ச் தரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபின் ஒரு இடத்தில் போட்டால் போதும். ஆகவே பிரிக்கும் முன் ஒரு ஷீட்டில் சர்வீஸ் பெயர், டிபென்டென்சி ட்ரீ, சனிக்கிழமை ராத்திரியிலும் பில்ட் போடப்போகிறவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் சர்வீஸை இப்போதைக்குச் சர்வரிலிருந்து எடுக்காதீர்கள்.