உம்டோனியா, நாவலா? பழத்தை நம்பி ஏமாறாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் பகுதியில், ஓடைக்கரையிலும் சதுப்பிலும் நிற்கும் ஒரு மரத்தை ஜூலு மக்கள் உம்டோனி என்கிறார்கள். ஆங்கிலத்தில் வாட்டர்பெர்ரி. தாவரவியல் பெயர் சைஜீஜியம் கார்டேட்டம். வடக்கே கென்யா வரை இது உண்டு. கருஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பழுத்திருப்பதைப் பார்த்தால் தமிழர் யாரும் "அட, நாவல்!" என்றுதான் சொல்வோம். உறவு சரிதான், இரண்டும் சைஜீஜியம் என்ற ஒரே பேரினம். ஆனால் மரம் வேறு.

இந்தக் குழப்பத்தைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. நம் நாவல் அங்கே வெளியிலிருந்து போய் வேரூன்றிய மரம். இன்று ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. நாவலை அகற்றுகிறேன் என்று உம்டோனியை வெட்டினால், அந்தக் கரைக்கே உரிய மரம் போய்விடும்.

முதல் தவறு, பழத்திலிருந்து தொடங்குவது. இரண்டும் சதைப்பற்றுள்ளவை, ஒற்றைக் கொட்டை, பழுத்தால் ஊதா. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இலை கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நாவல் இலைக்குத் தெளிவான காம்பு இருக்கும், ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை. உம்டோனிக்குக் காம்பு இருப்பதே தெரியாது. இலையின் அடிப்பகுதி இதயம் போலப் பிளந்து கிளையை அணைத்துக்கொண்டிருக்கும். கார்டேட்டம் என்ற பெயரே அந்த இதய வடிவத்தால் வந்ததுதான். இலை தடிப்பாக, உருண்டை வாக்கில், நீலம் கலந்த பச்சையில் கிளை நுனியில் நெருங்கி நிற்கும். இளங்கிளையை விரல்களுக்கு நடுவே உருட்டினால் நான்கு விளிம்புகள் தட்டுப்படும். எனக்கு இந்த மரத்தில் மிகவும் பிடித்த அடையாளம் அதுதான்.

'வாட்டர்பெர்ரி' என்ற பெயரை மட்டும் நம்புவதும் தவறு. சைஜீஜியம் கினீன்ஸே என்ற இன்னொரு ஆப்பிரிக்க உறவுக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. அதுவும் தண்ணீர் ஓரம் வளரும். அதன் இலைக்குக் காம்பு உண்டு, நுனி கூர்ந்து போகும்.

கீழே விழுந்த ஒற்றை இலையைப் பொறுக்கி வைத்துக்கொண்டு பெயர் சொல்லாதீர்கள். உம்டோனியின் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். அதைக் கிளையில்தான் பார்க்க முடியும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான தவறு, சுவைத்துப் பார்த்து உறுதி செய்வது. உம்டோனி பழம் சாப்பிடக்கூடியதுதான், லேசான புளிப்பு. ஆனால் அதே ஓடைக்கரையில் ராவுல்ஃபியா காஃப்ரா என்ற மரமும் நிற்கும். நம் சர்ப்பகந்தா மூலிகையின் சொந்தம், நச்சுள்ளது. அதன் காய் பச்சையில் வெள்ளைப் புள்ளியோடு இருந்து, பழுத்தால் கறுக்கும். ஒரு இலையைக் கிள்ளினால் போதும், பால் வடியும். இலைகளும் ஒரே கணுவில் மூன்று, நான்கு என்று வட்டமாக நிற்கும். சைஜீஜியம் எதிலும் பால் வராது. அத்தி வகைகளிலும் பால் வரும் என்பதால், பால் கண்டால் "இது உம்டோனி இல்லை" என்பது வரைக்கும் சொல்லலாம், அதற்கு மேல் போக வேண்டாம்.

அப்புறம், யாரிடமாவது படம் அனுப்பிக் கேட்பதாக இருந்தால் முழு மரத்தைத் தூரத்திலிருந்து எடுத்த படம் மட்டும் உதவாது. இலை கிளையைத் தொடும் இடம், இலையின் அடிப்புறம், இரண்டாக வெட்டிய பழம், இந்த மூன்றையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.