முக்கோணமாகத் தெரிந்த நட்சத்திரம்

பூமியைப் படமெடுக்கும் சின்ன செயற்கைக்கோளுக்காக, மலிவு விலையில் 100 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றைப் பாளையங்கோட்டையில் செய்துகொண்டிருக்கிறோம். 500 கி.மீ. உயரத்திலிருந்து சுமார் 3 மீட்டர் அளவுள்ளதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

சோதிக்க, சைக்கிள் கடை பால்ரஸ் குண்டில் எல்.இ.டி. வெளிச்சம் அடித்து, அதையே நட்சத்திரமாக வராண்டாவின் மறுகோடியில் வைத்தோம். புள்ளியாகத் தெரிய வேண்டியது முக்கோணமாகத் தெரிந்தது. முன்னால் இருக்கும் சின்ன துணைக் கண்ணாடியைத் தாங்கும் மூன்று கைகள்தான் காரணம் என்று இரண்டு நாள் அதையே நோண்டினேன். வீண் வேலை. மூன்று கை இருந்தால் ஆறு கதிர் விழும், முக்கோணம் விழாது. சென்சாரை மாற்றியும் பலனில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று: விடிகாலையில் முக்கோணம் கூர்மை, மத்தியானம் கிட்டத்தட்ட வட்டம். லேத் பட்டறை அண்ணாச்சிதான் சொன்னார், "வெயில் ஏறுனா சரியாவுதுல்லா, அப்போ பிடிமானத்தப் பாருங்க தம்பி."

வெளிச்சத்தைக் குவிக்கும் முதன்மைக் கண்ணாடியை அதன் கூட்டோடு திருப்பினேன். முக்கோணமும் கூடவே திரும்பியது. மூன்று இடத்தில் எபாக்சி என்ற கெட்டிப் பசை வைத்து அலுமினியக் கூட்டில் ஒட்டியிருந்தோம். எங்கள் கண்ணாடி போரோசிலிகேட் வகை; அதைவிட அலுமினியம் ஏழு மடங்கு சுருங்கும். குளிரில் கூடு சுருங்கி மூன்று பக்கமும் கண்ணாடியை நெருக்கியிருக்கிறது.

ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி எபாக்சியைப் பிரித்து, 1 மி.மீ. கனத்தில் ரப்பர் போல வளைந்துகொடுக்கும் சிலிகோன் பசை வைத்தோம். வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், கண்ணாடியின் பளபளப்புப் பூச்சை அரிக்கும். விண்வெளிக்குப் போவதற்கு ஆவி கக்காத தனி ரகம் வாங்க வேண்டும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்க முடியாது.

இப்போது காலை 5 மணிக்கும் வட்டம்தான். அப்பாடா!