ஆட்டோ கேலிப்ரேஷன் முடிந்ததும் சப்-ஊஃபர் தூரத்தில் கை வைக்காதீர்கள்

புதிதாக ஹோம் தியேட்டர் அமைத்தவர்களுக்கு உதவப் போகும்போதெல்லாம் ஆட்டோ கேலிப்ரேஷனில், அதாவது ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஒரு மைக்கை வைத்து ஸ்பீக்கர்களை அறைக்கேற்பத் தானே சரிசெய்துகொள்வதில், ஒரே கோளாறுகள்தான் கண்ணில் படுகின்றன. ஆரம்பத்தில் நானும் செய்தவைதான் பல. அளவெடுக்கும்போது பேசாதீர்கள், ஃபேனை நிறுத்துங்கள், மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள் என்பதையெல்லாம் ரிசீவரே திரையில் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தக் கேலிப்ரேஷன் மென்பொருளுக்கு ஆடிசி, ஒய்.பி.ஏ.ஓ., டிராக் லைவ் என்று பெயர் எதுவானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். ஸ்பீக்கர் எழுப்பும் சோதனை ஒலியை மைக் கேட்கிறது. அந்த ஒலி எவ்வளவு சத்தமாக வந்தது, எப்போது வந்தது, அறை அதை எப்படி மாற்றியது என்று ரிசீவர் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் கலைத்துவிடுவதுதான் பெரும்பாலான புகார்களுக்குக் காரணம்.

சப்-ஊஃபர் தூரத்தை டேப் பிடித்துத் 'திருத்துவது'

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான்.

அளவெடுத்து முடித்ததும் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் காட்டும். முன் ஸ்பீக்கர்களுக்கும் சென்டருக்கும் அது டேப் அளவோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான தனிப் பெட்டியான சப்-ஊஃபருக்கு மட்டும் ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக இருக்கும். பார்த்தவுடன் "மெஷின் தப்பாக அளந்துவிட்டது" என்று முடிவுகட்டி, டேப்பை எடுத்து அளந்து, அந்த எண்ணை உள்ளே போட்டுவிடுகிறார்கள்.

மெஷின் தப்பாக அளக்கவில்லை. அது அளந்தது தூரத்தையே அல்ல, நேரத்தை. ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 செ.மீ. போகும். ஒலி வந்து சேர்ந்த நேரத்தை இந்தக் கணக்கில் பெருக்கி, மீட்டராக்கிக் காட்டுகிறது ரிசீவர். சாதாரண ஸ்பீக்கரில் கரண்ட் வந்த கணமே கோன் அசையத் தொடங்கும். சப்-ஊஃபருக்குள் தனி ஆம்ப்ளிஃபையர், வடிகட்டிகள், பல மாடல்களில் டிஜிட்டல் பிராசஸரும் இருக்கின்றன. சிக்னல் இவற்றைத் தாண்டி வெளியே வரச் சில மில்லிவினாடி தாமதமாகிறது. வயர்லெஸ் இணைப்பு என்றால் இன்னும் கூடும். அந்தத் தாமதமும் சேர்ந்துதான் கூடுதல் மீட்டராகத் தெரிகிறது. சப்-ஊஃபர் அவ்வளவு தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு மற்ற ஸ்பீக்கர்களை ரிசீவர் அதற்கேற்பத் தாமதப்படுத்தினால்தான் எல்லா ஒலியும் உங்கள் காதுக்கு ஒன்றாக வந்து சேரும்.

ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சப்-ஊஃபர் 3.2 மீட்டரில் இருந்தது. ரிசீவர் 5.3 என்று காட்டியது. அவர் 3.2 என்று மாற்றினார். 2.1 மீட்டர் குறைந்தது, அதாவது ஏறக்குறைய 6 மில்லிவினாடி. க்ராஸ்ஓவர், அதாவது மற்ற ஸ்பீக்கர்களிடமிருந்து சப்-ஊஃபர் ஒலியை ஏற்கும் எல்லை, 80 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலைக்கு 12.5 மில்லிவினாடி ஆகும், பாதி அலைக்கு 6.25. ஆக, அவருடைய திருத்தம் சப்-ஊஃபரையும் முன் ஸ்பீக்கர்களையும் 80 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட எதிரெதிராக நிறுத்திவிட்டது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. டிரம் அடியின் குத்து, ஆண் குரலின் நெஞ்சுக்கனம் எல்லாம் இருக்கும் பகுதியில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

அவருக்குக் கேட்டது என்னவோ "பாஸ் குறைவு". சப்-ஊஃபர் சத்தத்தைக் கூட்டினார். 40 ஹெர்ட்ஸ் பக்கம் உறுமல் ஏறியது, 80-ல் பள்ளம் அப்படியே இருந்தது. இந்த சப்-ஊஃபருக்குத் திராணி இல்லை என்று நினைத்துப் பெரிதாக இன்னொன்று வாங்கினார். மறுபடி கேலிப்ரேஷன் ஓடியது, மறுபடி தூரம் கூடுதலாக வந்தது, மறுபடி டேப். பழைய சப்-ஊஃபரையே இணைத்து, ரிசீவர் கண்டுபிடித்த 5.3-ஐத் திரும்பப் போட்டபோது அந்த அறையில் பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தது. வாங்கிய புதுப் பெட்டிக்குத் தேவையே இருக்கவில்லை. தடுத்திருக்கக்கூடிய செலவு என்பதால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

ரிசீவர் போட்ட எண் கடைசி வார்த்தை என்று சொல்லவில்லை, அதை நன்றாக்கவும் முடியும். ஆனால் டேப்பால் முடியாது. சென்டர் ஸ்பீக்கரையும் சப்-ஊஃபரையும் சேர்த்து ஓடவிட்டு, க்ராஸ்ஓவர் அலைவெண்ணில் ஒரு தொடர் ஒலியை எழுப்புங்கள். உட்காரும் இடத்தில் ஒலிமானியை வையுங்கள், போன் ஆப்பே போதும். உண்மையான டெசிபல் எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை, கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்தால் சரி. சப்-ஊஃபர் தூரத்தை ரிசீவர் தந்த எண்ணிலிருந்து 30 செ.மீ. கூட்டியும் குறைத்தும் பாருங்கள். எங்கே ஒலி அதிகமாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கணினியும் யு.எஸ்.பி. மைக்கும் இருந்தால் ஆர்.இ.டபிள்யூ. என்கிற இலவச மென்பொருளில் ஸ்வீப் (தாழ்ந்த அலைவெண்ணிலிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி) ஓட்டி 60 முதல் 110 ஹெர்ட்ஸ் வரை வரைபடத்தைப் பார்ப்பது இன்னும் தெளிவு.

இதே குடும்பத்தில் ஒரு தம்பித் தவறும் உண்டு. சப்-ஊஃபரின் பின்னால் இருக்கும் க்ராஸ்ஓவர் குமிழை 80-ல் திருப்பிவைப்பது. அந்த வேலையை ரிசீவர் ஏற்கெனவே செய்கிறது. இரண்டாவது வடிகட்டி பாஸை இன்னொரு முறை வெட்டுவதோடு, இன்னும் கொஞ்சம் தாமதத்தையும் சேர்க்கும். அளவெடுக்கும் முன்பே குமிழை உச்சத்திலோ எல்.எஃப்.இ. (குமிழின் வடிகட்டி விலகியிருக்கும்) நிலையிலோ வைத்துவிடுங்கள்.

மைக்கை அறை முழுக்கச் சுற்றுவது

ரிசீவர் எட்டு இடத்தில் மைக்கை வைக்கச் சொல்கிறது என்பதற்காக எட்டு நாற்காலியிலும் வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆடிசியில் தூரமும் ஒலி அளவும் முதல் இடத்தை வைத்துத்தான் முடிவாகின்றன. எனவே முதல் அளவு நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில், மைக் முனை கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மீதி இடங்களை அதிலிருந்து 60 செ.மீ.க்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுங்கள். பின்சுவரை ஒட்டி ஓர் அளவு எடுத்தாலே கெட்டுவிடும், அங்கே குவியும் பாஸைப் பார்த்து ரிசீவர் எல்லோருக்கும் சேர்த்து வெட்டிவிடும். சோபாவின் முதுகு உயரமாக இருந்தால் மைக் அதற்கு மேலே வரட்டும். இல்லையென்றால் அதில் பட்டுத் திரும்பும் ஒலியையும் ஸ்பீக்கரின் குணம் என்று எடுத்துக்கொள்ளும்.

வேறு ரிசீவரின் மைக்

கூடாது. திருத்தக் கணக்கு அந்தந்த மைக்குக்காகப் போடப்பட்டது.

மைனஸ் 12

டெனான், மரான்ட்ஸ் ரிசீவர்களில் சப்-ஊஃபர் லெவல் -12 டெசிபல் என்று வந்தால் அதை ஓர் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குக் கீழே போக ரிசீவரால் முடியவில்லை என்று பொருள். உண்மையில் தேவைப்பட்டது -13-ஆகவும் இருக்கலாம், -18-ஆகவும் இருக்கலாம். சப்-ஊஃபரின் வால்யூம் குமிழைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

'லார்ஜ்' என்று வந்தால் பெருமைப்படுவது

சுவரோரம் வைத்த ஸ்பீக்கருக்கு அறையே பாஸ் கூட்டிக் கொடுக்கும். அதைப் பார்த்து ரிசீவர் 'லார்ஜ்' (பாஸையும் தானே ஒலிக்கக்கூடிய ஸ்பீக்கர்) என்று எழுதிவிடும். அப்படியே விட்டால் அந்தச் சேனலின் பாஸ் சப்-ஊஃபருக்குப் போகாது. 'ஸ்மால்' என்று மாற்றி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். க்ராஸ்ஓவரை ரிசீவர் கண்டதைவிட மேலே ஏற்றலாம். கீழே இறக்காதீர்கள், ஏனென்றால் அந்த எல்லைக்குக் கீழே ஆடிசி அந்த ஸ்பீக்கருக்குத் திருத்தமே செய்வதில்லை.

ஃபேஸ் எச்சரிக்கை

ஒரு ஸ்பீக்கர் எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருப்பதாக ரிசீவர் எச்சரித்தால் ஒயரின் பிளஸ் மைனஸைப் பாருங்கள். சரியாக இருந்தால் 'ஸ்கிப்' அழுத்திவிட்டு நகருங்கள். உள்ளே ஒரு டிரைவரை வேண்டுமென்றே எதிர்த்திசையில் இணைத்த ஸ்பீக்கர்களுக்கும் இந்த எச்சரிக்கை வரும். அதற்காக ஒயரை மாற்றிப் போட்டுவிட்டால் அப்போதுதான் உண்மையான கோளாறு தொடங்கும்.

பள்ளத்தை ஈக்யூவால் (அலைவெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பதால்) நிரப்பப் பார்ப்பது

5 மீட்டர் நீள அறையில் முதல் நிலை அலை (எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி சேர்ந்து உருவாவது) சுமார் 34 ஹெர்ட்ஸில் உருவாகும். அறையின் சரி நடுவில் உட்கார்ந்தால் அந்த அலைவெண் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போகும். எந்தக் கேலிப்ரேஷனும் இதை நிரப்ப முடியாது. நீங்கள் ஊட்டும் ஒலி எவ்வளவு கூடுகிறதோ, சுவரில் பட்டுத் திரும்பி அதை அழிக்கும் ஒலியும் அவ்வளவே கூடும். 9 டெசிபல் தூக்கினால் ஆம்ப்ளிஃபையர் எட்டு மடங்கு பவர் கொடுத்தாக வேண்டும், ஆனாலும் காதுக்கு வருவது அற்பம். மேட்டை வெட்டுவதில்தான் இந்த மென்பொருள்கள் கெட்டி.

எனவே அளவெடுக்கும் முன்பே இடத்தைத் தேடுங்கள். சப்-ஊஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து, பாஸ் அதிகமுள்ள ஒரு துண்டை ஓடவிட்டு, சப்-ஊஃபர் வைக்கத் தோதான மூலைகளில் தரையோடு குனிந்து கேட்டுப் பாருங்கள். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். சோபாவை அரை மீட்டர் முன்னே பின்னே நகர்த்தினாலும் பெரிய வித்தியாசம் வரும். அதன் பிறகு மைக்கை எடுங்கள்.

கேலிப்ரேஷனுக்குப் பிறகு சப்-ஊஃபரை நகர்த்தினால்?

முதலிலிருந்து அளக்க வேண்டும்.