டிராம்போன் பெல்லின் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

சென்னை ராயபுரத்திலோ பெரம்பூரிலோ பழைய டிராம்போன் (குழலை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளைக் காற்றுக்கருவி) ஒன்றை விலை பேசும்போது, அதன் விரிந்த வாயான பெல் எந்த உலோகத்தால் ஆனது என்பதை முதலில் நிறத்தைக் கொண்டு கணிக்கலாம். சுமார் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்தது மஞ்சள் பித்தளை. செம்பு 85 விழுக்காடானால் பொன்னிறமும், 90 ஆனால் செம்மையும் கூடும். மேலே நிறப் பூச்சு இருந்தால் பெல்லின் உட்புறத்தில் பூச்சு உரிந்த இடத்தைப் பார்க்கவும்.

மஞ்சள் பித்தளை கூர்மையாக ஒலித்து, தெருவில் டிரம் சத்தத்தையும் தாண்டும் என்றும், செம்பு மிகுந்தது கனிந்த நாதம் தந்து தேவாலயத்துக்குப் பொருந்தும் என்றும் வாசிப்போர் கூறுவர். ஆனால் பெல்லின் வடிவமும் தகட்டின் தடிமனும் உலோகத்தைவிட அதிகம் பேசுகின்றன. உரக்க ஊதும்போது எழும் உலோகக் கணீர் ஒலிக்கும் முதற்காரணம், குழலுக்குள் செல்லும் காற்றழுத்த அலையின் முகப்பு செங்குத்தாகிவிடுவதே.

ஆகவே இரு டிராம்போன்களை ஒப்பிட, ஒரே மவுத்பீஸைக் (உதடு வைத்து ஊதும் பகுதி) கொண்டு, ஒரே சுரத்தை மெதுவாகத் தொடங்கி உரக்க முடிக்குமாறு நண்பரை ஊதச் சொல்லிவிட்டு, நீங்கள் இருபது அடி தள்ளி முதுகைத் திருப்பி நின்று கேளுங்கள், ஏனெனில் ஊதுபவர் பெல்லுக்குப் பின்னால் இருப்பதோடு கையில் உணரும் அதிர்வையும் ஒலியென்றே எண்ணிவிடுவார்.

மஞ்சள் பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகம் அரிக்கப்படுகிறது என்று பொருள். காசிமேட்டு உப்புக்காற்றில் வைத்திருப்பவர்கள் வாசித்ததும் துடைத்துவைப்பது நல்லது.