கடலோரத் தோட்டத்தில் மண ரோஜா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிதமான கடலோரத் தட்பவெப்பத்தில் ரோஜா வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மணத்தை மட்டுமே பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பின்னாளில் வரும் தொல்லைகளில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. 1963-இல் வெளிவந்த ‘பாப்பா மெய்லாண்ட்’ என்னும் ரோஜா வகை அடர்சிவப்பு நிறத்துக்கும் செறிந்த மணத்துக்கும் பெயர் பெற்றது என்றாலும், காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் சாம்பல் நோய் அதை எளிதில் பற்றிக்கொள்ளும். 1977-இல் அறிமுகமான ‘டபுள் டிலைட்’டும் அப்படித்தான். இதழ்கள் மிக அடர்ந்த வகைகளோ தொடர்ந்த மூடுபனியில் விரியாமல் மொட்டிலேயே பழுப்பேறி அழுகிவிடும். கடும் பனி விழாத கடற்கரைக்குப் பழைய ரோஜா இனங்களான டீ ரோஜாக்களும் நாய்செட் (Noisette) ரோஜாக்களும் நன்கு பொருந்துகின்றன. கடலோர மணலில் இயற்கையாகவே வளரும் ருகோசா என்னும் காட்டு ரோஜா உப்புக் காற்றைத் தாங்குவதோடு நல்ல மணமும் உடையது என்பதால், கடலை ஒட்டிய தோட்டத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதையே.

உப்புக் காற்றுக்கு அஞ்சிச் செடியை நாற்புறமும் சுவர் சூழ்ந்த மூலையில் நடுவதும் தவறு. காற்றை முற்றிலும் தடுக்காமல் வடிகட்டி அனுப்பும் உயிர்வேலியே போதுமானது. காலை வெயில் படும் இடமாகவும் நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் கிடைக்கும் இடமாகவும் இருப்பது அவசியம்.

கரும்புள்ளி நோயையும் சாம்பல் நோயையும் ஒன்றாகக் கருதுவது எல்லாவற்றிலும் பெரிய பிழை என்பேன். கரும்புள்ளிப் பூஞ்சை தொற்றுவதற்கு இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். ஆகவே மாலையில் இலைமீது நீர் தெளிப்பவர் அதை வலிந்து அழைக்கிறார். சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டியதே இல்லை. குளிர்ந்த இரவும் ஈரக் காற்றும் இருந்தால், உலர்ந்த இலையிலும் அது வெண்பொடியாகப் படரும். எனவே காலையில் வேரடியில் மட்டும் நீர் விடுவது முதல் நோயைக் குறைக்குமே தவிர இரண்டாவதைத் தடுக்காது. அதற்குச் செடிகளுக்கிடையே தாராளமான இடைவெளியும், தழைச்சத்தை அளவோடு இடும் கட்டுப்பாடும் தேவை, ஏனெனில் தழைச்சத்து மிகுந்தால் எழும் மென்மையான தளிரையே அந்நோய் முதலில் பற்றும்.

மணற்பாங்கான நிலத்தில் உரம் விரைவில் நீரோடு கரைந்து இறங்கிவிடும். ஒரே தடவையில் அள்ளி இடாமல், மக்கிய தொழு உரத்தைச் சேர்த்து, மற்ற உரங்களைச் சிறுசிறு அளவாகப் பிரித்து இட வேண்டும்.

மிதமான குளிர்காலத்தில் செடி முழுமையாக உறங்குவதில்லை. நோயுற்ற பழைய இலைகள் கிளையிலேயே தங்கிவிடுகின்றன. குளிர்நாட்டுக் குறிப்புகளைப் பின்பற்றி அடிவரை வெட்டிவிடாமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டிக் கவாத்து செய்து, எஞ்சிய பழைய இலைகளைக் கையால் அகற்றி, உதிர்ந்தவற்றையும் தோட்டத்திலிருந்து வெளியேற்றுவதே முறை.

குளிர்ந்த மூடுபனிக் காலையில் முகர்ந்துவிட்டு மணமில்லை என்று செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். மண எண்ணெய்கள் ஆவியாவதற்குச் சற்று வெதுவெதுப்பு தேவை. காற்று அடங்கி வெயில் ஏறத் தொடங்கும் முற்பகலில், பாதி விரிந்த பூவை முகர்ந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள்.